சிறுத்தைப் பல்லிக்கு ஒரு வீடு



பல்லி என்றவுடன் நம் வீட்டுச் சுவரில் விளக்கைச் சுற்றி ஓடித் திரியும் சிறு பிராணியே நம் நினைவுக்கு வருகிறது. அது ஒலித்தால் எந்தத் திசையிலிருந்து ஒலித்தது என்று செவி சாய்ப்பதும், மேலே விழுந்துவிட்டால் பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பலன் தேடுவதும் நம்மவர் வழக்கம். அத்தகைய பல்லியைப் பெட்டியில் வைத்து, பெயர் சூட்டி, வேளை தவறாமல் உணவிட்டு வளர்ப்பவர்களும் உண்டு என்று சொன்னால் நம் பாட்டிமார் நகைப்பார்கள். ஆயினும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்று வீடுகளில் விரும்பி வளர்க்கப்படும் ஊர்வனவற்றுள் முன்வரிசையில் நிற்பது சிறுத்தைப் பல்லி என்னும் ஒருவகைப் பல்லியே ஆகும்.

அண்மையில் இங்கிலாந்தில் என் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அங்கே பதின்மூன்று வயதான என் பேரன் இப்பல்லி ஒன்றை வளர்த்து வருகிறான். காலையிலும் மாலையிலும் அவன் கண்ணாடிப் பெட்டியின் முன் அமர்ந்து, வெப்பமானியைப் பார்த்துக் குறிப்பேட்டில் எண்களை எழுதிக்கொண்டிருப்பான். 35 ஆண்டுகள் வகுப்பறையில் நான் நடத்திய ‘வெப்பம்’ என்னும் பௌதிகப் பாடம் இத்துணை உயிருள்ளதா என்று அப்போது எனக்குத் தோன்றிற்று. ஆகவே இன்று அப்பெட்டியைப் பற்றியே உங்களோடு பேசலாம் என்று எண்ணுகிறேன்.

வீட்டைக் கட்டுவதற்கு முன் அதில் குடியிருக்கப் போகிறவர் யார் என்று அறிய வேண்டும் அல்லவா? வளர்ந்த சிறுத்தைப் பல்லி மூக்கு நுனி முதல் வால் நுனி வரை சுமார் 20 முதல் 25 சென்டிமீட்டர் நீளமுடையது. மஞ்சள் நிற உடலில் கரும்புள்ளிகள் இறைந்து கிடப்பதால் அதற்கு இப்பெயர் வந்தது. நம் வீட்டுப் பல்லிக்கும் இதற்கும் இரண்டு பெரிய வேறுபாடுகள் உண்டு. வீட்டுப் பல்லிக்குக் கண்ணிமை கிடையாது. இதற்கோ மூடித் திறக்கும் இமைகள் உள்ளன. வீட்டுப் பல்லியின் விரல்களில் சுவரைப் பற்றும் ஒட்டுத் தகடுகள் உள்ளன. இதன் விரல்களில் நகங்கள் மட்டுமே உண்டு. ஆதலால் இது கண்ணாடிச் சுவரில் ஏற இயலாத தரைவாழ் பிராணி. வால் பருத்திருக்கும். உண்ட உணவின் மிகுதியைக் கொழுப்பாக அங்கே சேமித்து வைத்து, பஞ்ச காலத்தில் செலவிடுகிறது. நம் குடியானவர்களின் குதிர் போன்றது அந்த வால். அச்சமுற்றால் அதனையும் உதறிவிட்டு ஓடும். மீண்டும் வளரும் வால் பழைய அழகுடன் அமைவதில்லை.

கல்கத்தாவில் ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக விளங்கிய எட்வர்ட் பிளைத் என்பவர் 1854-ஆம் ஆண்டில் இவ்வினத்தை விஞ்ஞான உலகிற்கு அறிமுகம் செய்தார். பாகிஸ்தானிலுள்ள உப்பு மலைத்தொடர், ஆப்கானிஸ்தானத்தின் வறண்ட குன்றுகள், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவை இதன் தாயகம். அங்குள்ள மக்களில் பலர் இதனைக் கொடிய விஷப் பிராணி என்று அஞ்சுகின்றனர். உண்மையில் இதற்கு விஷம் என்பதே இல்லை.

தாயகத்தைச் சொன்னேன், அதன் இயல்பையும் சொல்ல வேண்டும். பலர் எண்ணுவதுபோல அது கண்ணுக்கெட்டிய தூரம் மணல் பரந்த பாலைவனம் அன்று. கெட்டியான களிமண்ணும் சரளையும் பாறைகளும், இடையிடையே புல்லும் முட்செடிகளும் நிறைந்த நிலம். பகலில் பாறை கொதிக்கும். ஆனால் அதன் அடியில் உள்ள பிளவு குளிர்ந்திருக்கும். இன்னும் ஆழத்தில் மண் சற்று ஈரமாகவும் இருக்கும். மாலை மங்கியதும் பல்லி வெளியே வந்து, பகல் வெயிலைக் குடித்துக் கிடக்கும் கல்லின்மேல் வயிற்றைப் பதித்துக்கொண்டு சூடேற்றிக்கொள்ளும். பிறகு பூச்சி வேட்டைக்குப் புறப்படும். குளிர்காலத்தில் பூமிக்கடியில் ஒடுங்கிவிடும். ஒரே பாறையைச் சுற்றிச் சில அடிகளுக்குள் வெப்பம், குளிர்ச்சி, ஈரம் ஆகிய மூன்றும் அதற்குக் கிடைக்கின்றன. இதனை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பெட்டியின் இரகசியம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

நம் பாடப்புத்தகங்களில் ஊர்வனவற்றைக் ‘குளிர் இரத்தப் பிராணிகள்’ என்று எழுதியிருப்பார்கள். நானும் கரும்பலகையில் அவ்வாறே எழுதுவது வழக்கம். தேர்வுத்தாளில் அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் அச்சொல் அத்துணைப் பொருத்தமானதன்று. அவற்றின் இரத்தம் எப்போதும் குளிர்ந்திருப்பதில்லை. உண்ட உணவைக் கொண்டு உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கி நிலைநிறுத்தும் ஆற்றல் நமக்கு இருப்பதுபோல் அவற்றுக்கு இல்லை. வெளியிலிருந்து அதனைப் பெறுகின்றன, அவ்வளவே. கௌல்ஸ், போகர்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் இருவர் கலிபோர்னியாவின் பாலை நிலத்துப் பல்லிகளையும் பாம்புகளையும் ஆராய்ந்து 1944-ஆம் ஆண்டில் ஒரு புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டனர். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறி நகர்வதன் மூலமாகவே அப்பிராணிகள் தம் உடல் வெப்பத்தைக் குறுகிய எல்லைக்குள் காத்துக்கொள்கின்றன என்பதை அவர்கள் காட்டினர். பாலைவனத்திலேயே பிறந்த பிராணியாயினும், நிழலுக்குச் செல்ல வழியில்லாமல் கடும் வெயிலில் நிறுத்தப்பட்டால் சிறிது நேரத்திலேயே மாண்டுவிடும். அதைக் காப்பது அதன் தோலோ செதிலோ அன்று; விலகிச் செல்லும் உரிமையே.

பெட்டியில் அடைக்கும்போது நாம் முதலில் பறித்துவிடுவது அந்த உரிமையைத்தான். சூடு மிகுந்தால் அதனால் காட்டுக்குள் ஓட முடியாது. குளிர் மிகுந்தால் வேறு பாறையைத் தேட முடியாது. நாய் குரைக்கும், பூனை கத்தும். பல்லி பெரும்பாலும் வாய் திறவாது. உண்பதை நிறுத்தும், உண்டதும் செரிக்காமல் வயிற்றில் தங்கும், வால் மெலியும். நாம் அறியும்போது பல வாரங்கள் கடந்திருக்கும்.

இவ்வுண்மையைக் கட்டடக் கலையில் புகுத்திய அம்மையார் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லத்தான் வேண்டும். ஜோன் புராக்டர் என்பது அவர் பெயர். 1923-ஆம் ஆண்டில் இலண்டன் விலங்குக் காட்சிசாலையில் ஊர்வனப் பிரிவின் பொறுப்பாளராக அமர்ந்தார். இளமை முதலே நோயுற்ற உடல். 1931-ஆம் ஆண்டில், முப்பத்தைந்து வயது நிரம்புமுன்பே மறைந்தார். ஆயினும் அவர் திட்டமிட்டு 1927-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஊர்வன இல்லம், அக்காலத்தில் ஒரு புதுமை. கட்டடம் முழுவதையும் ஒரே அளவாகச் சூடேற்றாமல், கூண்டுக்குள்ளேயே ஒரு பகுதி வெப்பமாகவும் மற்றொரு பகுதி குளிர்ச்சியாகவும் இருக்குமாறு மின்சாரச் சூட்டை அவர் பகுத்து அமைத்தார். சாதாரணக் கண்ணாடி தடுத்துவிடும் புற ஊதாக் கதிர்கள் உள்ளே புகுமாறு, அதற்கென்றே செய்யப்பட்ட கண்ணாடியையும் கூரையில் பயன்படுத்தினார். என் பேரனின் பெட்டியைப் பார்த்தபோது, அந்த அம்மையாரின் பெரிய கட்டடம் ஒரு மேசைமேல் வந்து அமர்ந்துவிட்டது என்றே நான் கருதினேன்.

இனிப் பெட்டிக்கு வருவோம். வளர்ந்த பல்லி ஒன்றுக்கு 90 சென்டிமீட்டர் நீளமும், 45 சென்டிமீட்டர் அகலமும், அதே அளவு உயரமும் உள்ள பெட்டி வேண்டும் என்பது இன்று அனுபவசாலிகள் கூறும் குறைந்த அளவு. ‘கைப்பிடியளவு பிராணிக்கு இத்தனை பெரிய மாளிகையா?’ என்று கேட்பீர்கள். நீளம் குறைந்தால் ஒரு முனையின் சூடு மறுமுனைக்கும் பரவிவிடும். விலகிச் செல்ல இடமிராது. ஆகவே இந்த நீளம் ஆடம்பரம் அன்று, தேவை. கதவு முன்புறம் திறப்பதாக இருத்தல் நலம். மேலிருந்து இறங்கும் கை, அதன் கண்ணுக்குப் பருந்தின் காலாகவே தோன்றும். காற்று வந்து செல்வதற்கு வலைத் திறப்பு வேண்டும். பெட்டியை ஜன்னலோரத்தில் வெயில் படும்படி மட்டும் வைத்துவிடக் கூடாது. வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் ஏறியவர்களுக்குக் கண்ணாடிக்குள் அகப்பட்ட வெப்பம் எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

பெட்டியின் ஒரு முனையை மட்டும் சூடேற்ற வேண்டும். அங்கே ஒரு தட்டையான கல்லை வைத்து, அதற்கு மேலே ஹாலஜன் விளக்கையோ, ஒளியின்றி வெப்பம் மட்டும் தரும் சாதனத்தையோ அமைக்கலாம். இங்கிலாந்தில் இதற்குப் பலகைக்கல்லை இடுகிறார்கள். நம் ஊர்க் கடப்பைக் கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மாலையில் மொட்டைமாடித் தரை காலடியில் கதகதப்பாக இருக்குமே, அதைப்போல அக்கல் சூட்டை வாங்கிவைத்து வயிற்றுக்குக் கொடுக்கும். கல்லின் மேற்பரப்பு சுமார் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் வரையிலும், மறுமுனை 24 அல்லது 25 டிகிரி அளவிலும் இருக்க வேண்டும். இரவில் இதனினும் சற்றுக் குளிர்ந்தால் கேடில்லை; மலைநாட்டு இரவும் குளிர்ந்ததுதானே! தரைக்கு அடியில் விரிக்கும் மின்சார வெப்பப் பாயும் உண்டு. அது தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரவக் கூடாது.

எந்தச் சாதனமாயினும், அதனை நேரே மின்சாரத்தோடு இணைத்துவிட்டுப் போவது பெருந்தவறு. குறித்த அளவை எட்டியதும் மின்னோட்டத்தைக் குறைக்கவோ நிறுத்தவோ வல்ல வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று அவசியம் வேண்டும். தெர்மோஸ்டாட் என்று அதனைச் சொல்வார்கள். நம் இஸ்திரிப் பெட்டியில் உள்ளதும் அதன் இனமே. இஸ்திரிப் பெட்டியில் அது பழுதானால் சட்டை கருகும். இங்கே பழுதானால் உயிர் கருகும். மின்சாரக் கம்பி பொதிந்த செயற்கைக் ‘சூட்டுக்கல்’ ஒன்றும் கடைகளில் விற்கிறது. அதை வாங்கவே வேண்டாம் என்பேன். அதன் ஒரு புள்ளி மட்டும் அளவுக்கு மீறிச் சூடேறுவதும், அதன்மேல் கிடந்த பல்லியின் வயிறு வெந்துபோவதும் மருத்துவர்கள் பலகாலமாகக் கண்டுவரும் துன்பங்கள்.

கையால் தொட்டுப் பார்த்துச் ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று சொல்லுவது விஞ்ஞானம் ஆகாது. நம் உள்ளங்கையே ஏறத்தாழ 33 டிகிரி வெப்பமுடையது. அதே அளவு சூடான கல்லைத் தொட்டால் நமக்குச் சூடும் தெரியாது, குளிர்ச்சியும் தெரியாது. ஆதலால் இரு முனைகளிலும் இரண்டு வெப்பமானிகள் வேண்டும். கல்லின் மேற்பரப்பைத் தொடாமலே அளக்கும் கருவி ஒன்றும் இருந்தால் இன்னும் நன்று. என் பேரனின் குறிப்பேட்டில் ஏழு மாதத்து எண்கள் இருந்தன. குளிர்காலம் நெருங்க நெருங்க அறை எவ்வாறு குளிர்ந்தது, பெட்டியின் குளிர்ந்த முனை எவ்வாறு 20 டிகிரியை நோக்கி இறங்கிற்று என்பதையெல்லாம் அதிலிருந்து ஒரு வரைபடமாகவே வரையலாம்.

வெப்பத்தின் ஆட்சி இப்பிராணியிடம் எவ்வளவு ஆழமானது என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன். முட்டையிலிருந்து வருவது ஆணா பெண்ணா என்பதை இதில் முடிவு செய்வது முட்டை அடைகிடந்த வெப்பமே. 26 டிகிரி அளவில் ஏறத்தாழ எல்லாமே பெண். 32, 33 டிகிரி அளவில் பெரும்பாலும் ஆண். அதற்கும் மேலே 34 டிகிரியை எட்டினால் மீண்டும் பெரும்பாலும் பெண்! ஓரிரு டிகிரியைப் பற்றி நான் இவ்வளவு பேசுவது ஏன் என்று இப்போது உங்களுக்கு விளங்கும்.

அடுத்தது மறைவிடம். பிராணி வெப்பத்தை நாடுமா, பாதுகாப்பை நாடுமா? ஒளிந்துகொள்ளும் குகை குளிர்ந்த முனையில் மட்டும் இருந்தால், அச்சமுள்ள பல்லி அங்கேயே பதுங்கிக் கிடந்து, சூடு கிடைக்காமல் நோயுறும். எனவே சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று என இரண்டு குகைகள் வேண்டும். நடுவில் மூன்றாவதாக ஈரக் குகை ஒன்றும் வேண்டும். மூடியுள்ள ஒரு டப்பாவின் பக்கவாட்டில் நுழைவாயில் வெட்டி, உள்ளே நனைத்த பாசியையோ தேங்காய் நார்த் தூளையோ இட்டால் போதும். இந்த நார்த் தூள் நம் பொள்ளாச்சி வட்டாரத்திலிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பலேறும் பொருள்களுள் ஒன்று. நாம் ஒருகாலத்தில் கழிவென்று ஒதுக்கிய அது, கடல் கடந்து பல்லிக்கு மெத்தையாகிறது!

பெட்டியின் பொதுவான ஈரப்பதம் நூற்றுக்கு 30, 40 அளவில் வறண்டே இருக்கலாம். ஆயினும் ஈரக் குகை தவிர்க்க முடியாதது. பல்லி அவ்வப்போது தோலை உரித்து, உரித்ததைத் தானே தின்றுவிடும். ஈரம் போதாவிடில் விரல் நுனிகளில் பழைய தோல் மோதிரம்போல் இறுகி நின்றுவிடும். இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரலே உதிர்ந்துபோகும். விரல் குறைந்த பல்லிகளை வளர்ப்பவர்களிடம் காண்பது அரிதன்று. ஒரு கைப்பிடி நனைந்த பாசியால் தவிர்த்திருக்கக் கூடிய ஊனம் அது.

தரையைப் பற்றி வளர்ப்போரிடையே ஓயாத வழக்கு உண்டு. மணல் பரப்பினால் இரையோடு மணலையும் விழுங்கிக் குடல் அடைபடும் என்பர் ஒரு சாரார். நல்ல வெப்பமும் நல்ல உணவும் இருந்தால் மண் தரையே இயற்கை என்பர் மற்றொரு சாரார். என் கருத்தைக் கேட்டால், இருவரிடமும் உண்மை உண்டு. பல்லி வந்த புதிதிலும், அது குட்டியாகவோ நோயுற்றோ இருக்கும்போதும், தரையில் வெறும் காகிதத் துவாலையை விரிப்பதே அறிவுடைமை. அதன் கழிவைக் கண்டு உடல்நிலையை அறிய அது உதவும். பின்னர்க் கல் தளமோ, மண்ணும் சிறிது மணலும் கலந்து இறுக்கிய தரையோ அமைக்கலாம். வெறும் மணலும், ‘சுண்ணாம்பு மணல்’ என்று விற்கப்படுவதும் வேண்டா. அதன் தாயகம் மணற்காடு அன்று என்று முன்பே சொன்னேன்.

ஒளி வேண்டுமா? அந்தியில் உலவும் பிராணிக்குச் சூரியன் எதற்கு என்றுதான் நெடுங்காலம் எண்ணினார்கள். சிறிதளவு புற ஊதா ஒளி தந்தால் உடல் தானே வைட்டமின் டி-யை உண்டாக்கிக்கொள்ளும் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. மென்மையான விளக்கே போதும். அது பகலில் 12 மணி நேரம் எரிந்து, இரவில் முற்றிலும் அணைய வேண்டும். அவ்வொளி இல்லையேல் வைட்டமினைப் பொடியாக இரையோடு கலந்து தர வேண்டும். வைட்டமினும் கால்சியமும் குறைந்தால் எலும்பு இளகித் தாடையும் கால்களும் கோணிவிடும். இரையாவன சுவர்க்கோழி, மாவுப் புழு, வளர்ப்புக் கரப்பான் முதலிய உயிருள்ள பூச்சிகள். அவற்றுக்கு முதலில் நாம் நல்ல கீரையும் தவிடும் ஊட்டி, கால்சியப் பொடியில் புரட்டி இட வேண்டும். பல்லியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பருத்த பூச்சி ஆகாது. தின்னாமல் விட்ட சுவர்க்கோழிகளை இரவில் உள்ளே விட்டுவைத்தால் அவை உறங்கும் பல்லியைக் கடிக்கும். மின்மினிப் பூச்சியை ஒருபோதும் இடலாகாது. அதன் உடலிலுள்ள நஞ்சு பல்லிகளைக் கொல்ல வல்லது. ஆழமற்ற தட்டில் நல்ல நீர் எப்போதும் இருக்கட்டும்.

ஒரு பெட்டிக்கு ஒரு பல்லி. ‘தனியாக இருந்தால் ஏங்குமே’ என்று இரக்கப்பட்டு இன்னொன்றைச் சேர்ப்பவர்கள் உண்டு. ஏக்கம் நம்முடையது, அதனுடையதன்று. ஆண்கள் இரண்டு சேர்ந்தால் குருதி சிந்தப் போரிடும். பெண்களிலும் வலியது சூடான இடத்தைப் பிடித்துக்கொள்ள, எளியது மூலையில் மெலியும்.

தூய்மை செய்வது எளிது. இப்பிராணி பெரும்பாலும் ஒரே மூலையில் கழிவிடும் நல்லொழுக்கம் உடையது. அம்மூலையை நாள்தோறும் துடைத்தால் போதும். ஆனால் பல்லியையோ பெட்டியையோ தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது. நோயற்றதாகத் தோன்றும் ஊர்வனவற்றின் குடலிலும் சால்மோனெல்லா என்னும் கிருமி வாழக்கூடும். சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் இதில் சிறிதும் தளர்ச்சி கூடாது. பெட்டியின் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவுவதும் ஆகாது.

இதையெல்லாம் கேட்டு, வயல்வெளியிலோ காட்டிலோ ஒரு பல்லியைப் பிடித்துவந்து பெட்டியில் இடலாமே என்று உங்களில் எவரேனும் எண்ணினால், அந்த எண்ணத்தை இப்போதே கைவிடுங்கள். வெளிநாட்டுக் கடைகளில் உள்ளவை தலைமுறை தலைமுறையாகப் பெட்டியிலேயே பிறந்தவை. நம் நாட்டில் இதன் நெருங்கிய உறவினங்கள் காடுகளில் வாழ்கின்றன. ஆந்திரத்திலும் ஒடிசாவிலும் வாழும் ஓரினம் தனியினம் என்று 2022-ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. நம் அண்டை மாநிலத்திலேயே, நேற்றுவரை பெயரில்லாமல் இருந்த பிராணி! அவை காட்டிலேயே இருக்கட்டும். காட்டுயிர்களைப் பிடிப்பதற்கும் வைத்திருப்பதற்கும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வரம்பு விதித்திருக்கிறது. பிற நாட்டுப் பிராணியாயினும் வாங்குமுன் வனத்துறையினரைக் கேட்டறிவது கடமை.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். நன்கு பேணப்படும் சிறுத்தைப் பல்லி 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மாணவன் இன்று அதனை ஏற்றால், அவன் கல்லூரி முடித்து, வேலையில் அமர்ந்து, மணமும் புரிந்துகொண்ட பின்னும் அது சுவர்க்கோழி கேட்டுக்கொண்டிருக்கும். இடையில் விடுதிக்குச் சென்றால் பெட்டியை யார் பார்ப்பது என்று பெற்றோரிடம் முன்னரே பேசி முடிவு செய்ய வேண்டும்.

அதற்கு உடன்பட்டவர்கள் கடைக்குச் செல்லும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. முதலில் பெட்டியை வாங்கி, எல்லாவற்றையும் அமைத்து, வெறும் பெட்டியாகவே ஒரு வாரம் ஓடவிட வேண்டும். காலை, நண்பகல், இரவு ஆகிய மூன்று வேளையும் இரு முனைகளின் வெப்பத்தைக் குறித்து வர வேண்டும். ஏழு நாள் எண்களும் ஒழுங்காக நின்ற பிறகே பல்லியைக் கொண்டுவர வேண்டும். வந்த முதற்சில நாள்கள் அது உண்ணாமல் குகைக்குள்ளேயே கிடக்கலாம். கையில் எடுத்துக் கொஞ்ச வேண்டா. நீரை மட்டும் மாற்றிவிட்டு விலகியிருங்கள். பிறகு ஒருநாள் விளக்கணைந்த நேரத்தில் அது தானே வெளியே வந்து, சூடான கல்லின்மேல் வயிற்றைப் பதித்துப் படுத்துக்கொள்ளும். அன்று மாலை முதல் இரையிடத் தொடங்கலாம்.